வந்து வந்து மறையும் கோளாறு

வகுப்பில் ஒரு மாணவன் எப்போதும் ஒரே கணக்கைத் தவறாகவே போட்டால், அவனைத் திருத்துவது எளிது. ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது சரியாகப் போட்டுவிட்டு, அவர் நகர்ந்ததும் தடுமாறுகிறானே, அவன் குறையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பழைய கார்களில் பவர் ஸ்டியரிங் கோளாறும் இந்த வகையைச் சேர்ந்ததே. சாலையில் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் பூப்போலத் திரும்பும். "ஒன்றும் இல்லையே, சார்" என்று பட்டறைக்காரர் சொல்லுவார். நாமும் நம்பிக்கொண்டு திரும்பிவிடுவோம்.

தோட்டப் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர்களாகிய நாங்கள் மூவர், பட்டணத்திலிருந்து ஒரே காரில் போய் வருகிறோம். இருபது வயதைத் தாண்டிய கார் அது. ஒரு நாள் விளையாட்டுப் போட்டி முடிந்து, மாணவர் இருவரைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மேட்டில் ஏறி இறங்கி, பாலத்தருகே உள்ள வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங் திடீரென்று கனத்தது. காரின் முன்சக்கரம் சாலையை விட்டுப் புல்லில் ஏறி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகத்தை இன்றுவரை எங்களால் மறக்க முடியவில்லை. பட்டறையில் பம்பைப் பழுது என்று சொல்லி மாற்றினார்கள். பல நூறு வெள்ளி செலவாயிற்று. மூன்று வாரத்தில் அதே கோளாறு திரும்பி வந்தது.

எங்கே தவறினோம்? கோளாறைப் புரிந்துகொள்ளாமலே மருந்து கொடுத்துவிட்டோம். ஆகவே, முதலில் இந்தப் பவர் ஸ்டியரிங் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களிலேயே இதை உருவாக்கிக் காட்டினார். விற்பனைக்கு வந்த பயணக் கார்களில் இதை முதலில் பொருத்தியது கிரைஸ்லர் நிறுவனம், ஆண்டு 1951. அடிப்படை எளியதே. இன்ஜின் சுழலும்போது ஒரு பெல்ட் சிறிய பம்பைச் சுழற்றுகிறது. பம்பு, தொட்டியிலிருந்து எண்ணெயை ஒரு குழாய் வழியாக உறிஞ்சி, இன்னொரு குழாய் வழியாக மிகுந்த அழுத்தத்தோடு தள்ளுகிறது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு வால்வு திறந்து, அந்த எண்ணெயை எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் அனுப்பி, சக்கரங்களைத் தள்ள உதவுகிறது. சக்கரம் முழுதாகத் திரும்பி முட்டும்போது இந்த அழுத்தம், காரின் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் முப்பது மடங்கு அளவுக்குக்கூட ஏறும்.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டின் இணைப்பு எப்போதும் இருக்கிறது. உதவி நின்றால் ஸ்டியரிங் கனக்கும். ஆனால் கைவிட்டுப் போகாது. பலம் கொடுத்தால் கார் திரும்பும். இதை அறியாமல் பதறுவதே பல வேளைகளில் ஆபத்தாகிறது.

இனி, கோளாறைக் கண்டுபிடிக்கும் முறைக்கு வருவோம். நாங்கள் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தைக் காரிலேயே வைத்தோம். கோளாறு வரும்போதெல்லாம், காரை நிறுத்திய பிறகு, ஐந்து விஷயங்களை எழுதினோம். இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா? கார் மெல்ல ஓடியதா, வேகமாகவா? இடப்பக்கம் திரும்பும்போதா, வலப்பக்கமா? மழையா, வெயிலா? என்ன சத்தம் கேட்டது? எப்போதாவது வரும் கோளாறுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எழுதினால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

அந்த ஒழுங்கு எதைக் காட்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, மழையில் அல்லது தண்ணீர் தேங்கிய பள்ளத்தைக் கடந்ததும் கனத்து, கீச்சென்று சத்தம் வந்தால், பெல்ட் நழுவுகிறது என்று ஐயுறலாம். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டைப் பாருங்கள். உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தாலும், வெடித்திருந்தாலும், தளர்ந்து தொங்கினாலும் அதன் காலம் முடிந்தது என்று பொருள்.

இரண்டாவது, வளைவுகளில் மட்டும் உதவி விட்டுவிட்டு வந்தால், தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கலாம். வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கும்போது பம்பு காற்றை உறிஞ்சுகிறது. தொட்டியின் அளவுக் கோட்டைப் பார்த்தாலே இது விளங்கும். எண்ணெய் தானாகக் குறையாது. குறைந்தால் எங்கோ கசிகிறது.

மூன்றாவது, வெகுதூரம் ஓடிச் சூடேறிய பிறகு, கார் நிற்கும் இடத்தில் கனத்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் லேசானால், தேய்ந்த பம்பின் அடையாளம் அது. சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போய், தேய்ந்த இடுக்குகளில் உள்ளேயே கசிந்துவிடுகிறது.

நான்காவது, காலையில் முதல் சில நிமிடங்கள் ஒருபக்கம் மட்டும் கனத்து, சூடேறியதும் சரியானால், பம்பின்மேல் பழி போட வேண்டாம். ஸ்டியரிங் பெட்டியின் உள்ளே இருக்கும் வால்வும் அடைப்பு வளையங்களும் தேய்ந்திருக்கக்கூடும்.

ஐந்தாவது, ஸ்டியரிங்கைச் சுற்றும்போது ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் ஒரே இடத்தில் இறுகி, பிறகு இளகினால், எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்டியரிங் தண்டின் மூட்டு துருப்பிடித்திருக்கலாம். இதைச் சோதிக்க, சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்சக்கரங்களைத் தூக்கி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, இன்ஜின் ஓடாதபோது ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் அதே இடத்தில் இறுகினால் குற்றம் இரும்பில்தான். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் காருக்கடியில் தலையை விடாதீர்கள். இவ்வளவு தூரம் போகுமுன் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காற்றுக் குறைந்த டயரும் ஸ்டியரிங்கைக் கனக்கச் செய்யும்.

எங்கள் புத்தகம் என்ன சொல்லிற்று? காலையில் கோளாறு வந்ததே இல்லை. வந்தபோதெல்லாம், கீழ்க்கியரில் இன்ஜினை முடுக்கி மேடு ஏறிய பிறகே வந்தது. கூடவே ஓர் உறுமல் சத்தமும் கேட்டது. அடுத்த முறை, மேட்டைத் தாண்டியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தொட்டியின் மூடியை மெல்லத் திறந்தோம். உள்ளே எண்ணெய், நன்றாக ஆற்றிய தே தாரிக் போல நுரைத்துக்கொண்டிருந்தது! இன்ஜினை நிறுத்தியதும் எண்ணெயின் மட்டம் மேலே ஏறியது. காற்று கலந்திருப்பதற்கு அதுவே சான்று.

காற்று எங்கிருந்து வந்தது? தொட்டிக்கும் பம்புக்கும் இடையே உள்ள உறிஞ்சு குழாய் நாளடைவில் விறைத்துப்போய், கவ்வி பிடிக்கும் இடத்தில் மயிரிழைபோல் வெடித்திருந்தது. இன்ஜின் வேகமெடுக்கும்போது பம்பு அந்த வெடிப்பு வழியே காற்றை இழுத்தது. வெளியே எண்ணெய் சொட்டவில்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. எண்ணெயை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். நுரைத்த எண்ணெயால் சக்கரத்தைத் தள்ள முடியாமல் போனது அதனால்தான். பட்டறையில் வரிசையில் காத்திருந்த அரைமணி நேரத்தில் நுரை அடங்கிவிடும். கோளாறும் மறைந்துவிடும்! புதுக் குழாயும் புதுக் கவ்வியும் போட்டோம். பம்பின் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை. பிறகு முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து, இன்ஜினை ஓட்டாமல், ஸ்டியரிங்கை இருபுறமும் மெல்லப் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றி, குறைந்த எண்ணெயை நிரப்பினோம்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். காரின் கையேடு கூறும் எண்ணெயையே ஊற்றுங்கள். பிரேக் எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். அழுத்தக் குழாயில் கசிவைத் தேட வெறுங்கையைக் கொண்டுபோகாதீர்கள். பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி முட்டிய நிலையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்திருக்க வேண்டாம். பம்பு சூடேறிக் கெடும்.

ஓடும்போதே கனத்தால், இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். கார் நிற்கும்முன் சாவியைத் திருப்பி எடுத்துவிடக் கூடாது; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

1988இல் சுசுகி நிறுவனம் தன் சிறிய காரில் மின்சாரத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான கார்கள் அவ்வகையே. அவற்றில் எண்ணெய்த் தொட்டியைத் தேட வேண்டாம். பேட்டரியின் பலம், அதன் முனைகளின் சுத்தம், ஃபியூஸ், எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றையே முதலில் பாருங்கள். திரும்பத் திரும்ப நிறுத்துமிடத்தில் வளைத்தால் மோட்டார் சூடேறித் தன் உதவியைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆறியதும் மீண்டும் கொடுக்கும்.

நேயர்களே, பட்டறைக்காரரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. நோயாளி வாய் திறக்காவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்? காருக்கு வாயில்லை, அதற்காகப் பேச வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, "எப்போதாவது கனக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது, எங்கே, எப்படி என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். எங்கள் பின்னிருக்கையில் இன்றும் பிள்ளைகள் ஏறுகிறார்கள். பாலத்து வளைவில் இப்போது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வதில்லை.