சாரைப்பாம்பின் மேல் உண்ணி: அடிக்கலாமா, மருந்து தெளிக்கலாமா?

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் போடும் சமயத்தில் பாம்பு பற்றிய கேள்விகளும் வருவது வழக்கம். இந்த முறை இரண்டு வந்திருக்கின்றன.

பாகூர் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்கிறார்: "மாட்டுக் கொட்டகை ஓரம் திரியும் சாரைப்பாம்பின் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறது. மாட்டுக்குப் பரவுமா? பாம்பை அடித்துவிடலாமா?"

வில்லியனூரைச் சேர்ந்த ஒரு தாயார் கேட்கிறார்: "மகன் வெளிநாட்டு மலைப்பாம்பு ஒன்றை வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறான். அதன் மேல் கறுப்புப் புள்ளியாகப் பூச்சி ஊர்கிறது. மாட்டு உண்ணி மருந்தையே அடிக்கலாமா?"

இரண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பாம்பு உண்ணி வேறு, மாட்டு உண்ணி வேறு

சாரை, நல்ல பாம்பு, உடும்பு ஆகியவற்றின் செதில் இடுக்கில் ஒட்டியிருப்பது ஊர்வனவற்றையே நாடும் உண்ணி இனம். அது மாட்டில் குடியேறிப் பெருகுவதில்லை. நம் மாடுகளை வாட்டும் உண்ணி வேறு இனம். குஞ்சாக ஏறிய மாட்டிலேயே வளர்ந்து, இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, தரை வெடிப்பிலும் சாண மேட்டோரத்திலும் 2,000-க்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். அதனால் மாட்டில் உண்ணி கண்டால் பாம்பைத் தேட வேண்டாம். கொட்டகைத் தரையையும் சுவர் வெடிப்பையும் பாருங்கள். வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். மருந்தைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

பாம்பின் மேல் மருந்து தெளிப்பதும் வேண்டாம். காட்டில் திரியும் பாம்புக்கு நாலைந்து உண்ணி இருப்பது இயல்பு.

தொட்டியில் வளரும் பாம்புக்கு

தாயார் சொல்லும் கறுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் செள். கோழிக்கு வரும் செள்ளைப் போல இதுவும் இரத்தம் உறிஞ்சும். ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கண் ஓரத்திலும் தாடைக்குக் கீழும் ஒளிந்திருக்கும். பாம்பு எந்நேரமும் தண்ணீர்ப் பாத்திரத்தில் சுருண்டு கிடந்தால் செள்ளாக இருக்கலாம் என்று சந்தேகியுங்கள். அதிகமானால் பாம்பு சோகை பிடித்துச் சாகும். தூக்கும் ஆளின் கையிலும் கடித்துத் தடிப்பு உண்டாக்கும்.

நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாக இரண்டு மூன்று வாரம் போதும். ஆகவே ஒருநாள் வைத்தியம் பலிக்காது.

தொட்டியில் போட்ட மரத்தூள், கட்டை எல்லாவற்றையும் எடுத்து எரித்துவிட்டு, கொதிநீரால் தொட்டியைக் கழுவிக் காய வையுங்கள். செள் முட்டையிடுவது பாம்பின் மேல் அல்ல, தொட்டியின் இடுக்குகளில்தான். பிறகு வெள்ளைக் காகிதம் மட்டும் விரியுங்கள். புள்ளி தெரிந்தால் உடனே காகிதத்தை மாற்றுங்கள். பாம்பைத் தலை வெளியே இருக்கும்படி வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் விடுங்கள். பல செள் மூழ்கிச் சாகும், தலைப்பக்கம் இருப்பவை தப்பும். ஒரு மாதமாவது இப்படிச் செய்ய வேண்டும்.

மண்ணெண்ணெய், புகையிலைக் கரைசல், மாட்டு உண்ணி மருந்து எதுவும் கூடாது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஆமையின் உயிரையே பறிக்கும். பாம்புக்கும் அளவு தவறினால் நரம்பைத் தாக்கும். குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். வெளிநாடுகளில் செள்ளைத் தின்னும் செள்ளையே தொட்டியில் விடுகிறார்கள். நாம் வயலில் பொறிவண்டைக் காப்பாற்றி அசுவினியை அடக்குகிறோமே, அதே வழிதான்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. வெளிநாட்டு மலைப்பாம்பு என்றாலும், 2024-இல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் வனத்துறையை அணுகுங்கள். பயந்துபோய் ஏரிக்கரையில் கொண்டுவிடுவது கூடவே கூடாது.

பயப்பட வேண்டிய பூச்சி எலியிடம் இருக்கிறது

பாம்பு மேல் உள்ள உண்ணியைக் கண்டு பதறும் நாம், எலி மேல் உள்ளதைக் கவனிப்பதில்லை. 'உண்ணிக் காய்ச்சல்' என்கிற ஸ்கிரப் டைபஸ் நம் புதுச்சேரியில் புதிதல்ல. ஜிப்மர் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதற்குச் சிகிச்சை அளித்து வருகிறார்கள்.

இதைப் பரப்புவது புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத செள் குஞ்சு. எலியின் காதோரம் ஒட்டி வாழும். வரப்பில் உட்காருபவரையும், புல் அறுக்கும் பெண்களையும் கடிக்கும். பெரும்பாலும் பத்து நாள் அளவில் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கும். அக்குளிலும் இடுப்பிலும் இருந்தால் கண்ணில் படாது. மழைக்குப் பின் வரும் குளிர் மாதங்களில் அதிகம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையில் குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும், உயிரும் போகலாம்.

அந்த எலியைத் தின்பது சாரை. கதிரை வெட்டி வளைக்குள் சேர்க்கும் வரப்பு எலியை, வளைக்குள்ளேயே புகுந்து பிடிக்கும். அதற்கு விஷமும் இல்லை. பாம்பை அடித்தால் எலி பெருகும், நெல்லும் போகும், காய்ச்சலுக்கும் வழி திறக்கும். சாரையைக் கொல்வது சட்டப்படியும் குற்றம்.

செய்ய வேண்டியவை

* வைக்கோல் போர், விறகு, தட்டை ஆகியவற்றை வீட்டிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் தள்ளி வையுங்கள். எலி வராத இடத்துக்குப் பாம்பும் அதிகம் வராது.
* வீட்டைச் சுற்றிப் புதரையும் உயர்ந்த புல்லையும் அகற்றுங்கள்.
* புல் அறுக்கும்போது முழுக்கைச் சட்டை அணியுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுப்பைத் துவையுங்கள்.
* உடலில் உண்ணி ஒட்டியிருந்தால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.
* காய்ச்சல் வந்தால் வயல் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். கறுத்த பொருக்கு இருந்தால் காட்டுங்கள்.
* சாரையா நல்ல பாம்பா என்று தெரியாவிட்டால் நெருங்காதீர்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல் உடனே அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ செல்லுங்கள்.

எலிக்கட்டுப்பாடு பற்றிய கேள்விகளை உங்கள் பகுதி உழவர் உதவியகத்திலோ, குரும்பாப்பேட்டு காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம். இந்த இதழுக்கும் எழுதலாம்.