வேலியை யார் பார்ப்பது? வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை அனுபவங்கள்

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பம் ஒன்றுக்குக் கொழும்பு என்பது பெரும்பாலும் ஒரு லொட்ஜ் அறைதான். கடவுச்சீட்டு எடுக்க, பெரியாஸ்பத்திரியில் கிளினிக் காட்ட, வெளிநாட்டு வேலைக்கு முகவரைச் சந்திக்க, பிடிபட்ட பிள்ளை எந்தச் சிறையில் என்று விசாரிக்க எம்மவர் இரவு பஸ் ஏறிப் போவார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாள் வாடகைக்கு ஒரு கட்டில் எடுத்துத் தங்குவார்கள். ஒரு வாரம் என்று போனது மூன்று மாதமாகும். நகை அடகு வைத்த காசு அறை வாடகையாகக் கரையும். இதை வாசிப்போரில் பலர் அந்த அறைகளை நன்கு அறிவீர்கள்.

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடிவதற்கு முன்னர் அந்த அறைக் கதவுகள் தட்டப்பட்டன. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளில் தமிழர் தங்கியிருந்த லொட்ஜ்களுக்குப் பொலிசாரும் படையினரும் சென்று, கையில் அகப்பட்ட சாமான்களுடன் பஸ்ஸில் ஏறும்படி கூறினர். 376 பேர் ஏற்றப்பட்டனர். அவர்களுள் 85 பேர் பெண்கள். பஸ்கள் வவுனியாவுக்கும் கிழக்கிற்கும் சென்றன. கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்பதே சொல்லப்பட்ட நியாயம். வைத்தியத்துக்கு வந்தவரும் கடவுச்சீட்டுக்குக் காத்திருந்தவரும் அந்தப் பஸ்களில் இருந்தனர்.

இங்கே ஒன்றை ஆறுதலாக யோசித்துப் பார்க்க வேண்டும். லொட்ஜில் தங்குபவர் தம் விபரத்தைப் பொலிசில் பதிய வேண்டும் என்ற நடைமுறை அப்போது இருந்தது. பிறந்த ஊர், அடையாள அட்டை இலக்கம், வந்த நோக்கம் எல்லாம் எழுதிக் கொடுக்கப்பட்டன. வீட்டுக்காரரிடம் குடியிருப்போர் பட்டியலைக் கேட்கும் அதிகாரம் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே உண்டு. பதிந்தால் பாதுகாப்பு என்று நம்பியே எம்மவர் பதிந்தார்கள். அந்த விடியற்காலையில் பதிந்தவரும் ஏற்றப்பட்டார், பதியாதவரும் ஏற்றப்பட்டார். அப்படியானால் அந்தப் பதிவேடு யாருக்காக?

தலைநகரின் அச்சம் பொய்யானதல்ல. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் வெடித்த லொறிக்குண்டு எண்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதே ஆண்டு ஜூலையில் தெகிவளையில் புகையிரதத்தில் குண்டு வெடித்தது. 2007 மே மாதத்திலும் கொழும்பிலும் இரத்மலானையிலும் குண்டுகள் வெடித்தன. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை, அவர்களும் ஏழைகளே. அதை மறைத்து எம் துயரத்தை மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. குண்டு வைப்பவனைத் தேட வேண்டியது பொலிசாரின் கடமைதான். ஆனால் அவர்கள் தேடியது குண்டு வைப்பவனையா, வடக்கில் பிறந்தவனையா என்பதே கேள்வி.

அடுத்த நாள், ஜூன் 8ஆம் திகதி, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்பேரில் உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களுக்குள் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க இது தவறு என்று பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் கொழும்புக்கு அழைத்துவரப்பட்டனர். ஒரு முறைப்பாடு ஒரே நாளில் பஸ்களைத் திருப்பியது. இவ்வாறு நடந்தது அபூர்வம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2008 செப்டெம்பர் 21ஆம் திகதி, முந்திய ஐந்து ஆண்டுகளுக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் வந்து பதியும்படி மறுபடியும் அழைக்கப்பட்டார்கள். பாடசாலைகளிலும் மண்டபங்களிலும் முதியவர்களும் கைக்குழந்தைக்காரரும் வரிசையில் நின்றனர்.

பதிவேடு ஒருபுறம் இருக்க, வெள்ளை வான் மறுபுறம் வந்தது. 2006ஆம் ஆண்டிலிருந்து கொழும்பில் தமிழர்கள், சிறப்பாக வர்த்தகர்கள், கடத்தப்பட்டார்கள். சிலர் கப்பம் கொடுத்து மீண்டார்கள், சிலர் மீளவேயில்லை. பொலிசில் முறையிடவே குடும்பங்கள் அஞ்சின. கடத்தியவரும் முறைப்பாடு எழுதுபவரும் ஒரே பக்கமோ என்ற சந்தேகம் இருந்தால் யார் வாய் திறப்பார்? அந்த நிலையில்தான் நாடாளுமன்ற உறுப்பினர் மனோ கணேசன், நடராஜா ரவிராஜ், இடதுசாரித் தலைவர் சிறிதுங்க ஜயசூரிய முதலியோர் சேர்ந்து மக்கள் கண்காணிப்புக் குழுவை அமைத்தனர். அவர்கள் செய்த வேலை பார்வைக்குச் சாதாரணமானது. குடும்பத்தினரை அழைத்துப் பெயர், திகதி, இடம், நேரம் என்று எழுதினார்கள், பட்டியலாக்கிப் பொலிசுக்கும் அரசுக்கும் தூதுவராலயங்களுக்கும் கொடுத்தார்கள், பத்திரிகைக்கும் சொன்னார்கள். தமிழரோடு சிங்களவரும் அக்குழுவில் இருந்தமை கவனிக்கத்தக்கது.

அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 2006 நவம்பர் 10ஆம் திகதி ரவிராஜ் கொழும்பு நாரஹேன்பிட்டியில் காலை வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில், அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரையும் யூரிகள் விடுவித்தனர். 2008 புதுவருட நாளில் கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேசர் கோவிலுக்குள் தி. மகேஸ்வரன் கொல்லப்பட்டார். அவரும் நாடாளுமன்ற உறுப்பினரே. கும்பிடப் போன இடத்தில் உறுப்பினர் ஒருவரின் உயிருக்கே உத்தரவாதம் இல்லையென்றால், லொட்ஜில் தங்கிய கமக்காரன் தன் உயிருக்கு யாரிடம் உத்தரவாதம் கேட்பது?

2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் காணாமற்போன பதினொருவரின் கதை இன்னும் கனமானது. தமிழர் மட்டுமல்ல, முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். சிலர் மாணவர்கள். தெகிவளையில் ஒரே இரவில் ஐவர் கடத்தப்பட்டனர். பணத்துக்காகவே அவர்கள் பிடிக்கப்பட்டனர் என்பதும், கடற்படையைச் சேர்ந்தோர் இதில் சம்பந்தப்பட்டனர் என்பதும் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டு. பயங்கரவாதத்தை ஒழிக்கவென்று கொடுத்த அதிகாரம், கேட்பாரில்லாதபோது கப்பம் வாங்கும் அதிகாரமாகிவிடும் என்று இதைவிடத் தெளிவாகக் காட்டக்கூடிய சம்பவம் எமக்குத் தெரியவில்லை. கடத்தப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் நீதிமன்றப் படிகளை ஏறி ஏறியே மூப்படைந்தனர்.

போர் 2009இல் முடிந்தது. பத்து ஆண்டுகளின் பின்னர் கொட்டாஞ்சேனைக்கு வேறொரு காலை வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் பூசை நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் என்று அன்று 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் மெழுகுதிரி ஏற்ற வரும் தலம் அது. எம் இடம்பெயர்ந்த தாய்மாரும் காணாமற்போன பிள்ளைகளுக்காக அங்கே நேர்த்தி வைத்தவர்கள்.

இம்முறை தவறு வேறு விதமாக நடந்தது. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கிடைத்திருந்தது. அது கடிதமாகி மேசைக்கு மேசை போயிற்று. பங்குத்தந்தையரின் காதுக்கு வரவில்லை. அதற்கும் முன்னரே, சஹ்ரான் ஹாஷிம் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம் மக்கள் முறையிட்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் அவனுடைய ஆட்கள் ஊரில் வாளோடு மோதிய பின்னர் அவன் தலைமறைவானான், பிடியாணையும் இருந்தது. முஸ்லிம் சபையின் உப தலைவர் ஹில்மி அகமதும் தாம் பல ஆண்டுகளுக்கு முன்பே புலனாய்வுத் துறைக்கு இதைச் சொன்னதாகத் தாக்குதலின் பின்னர் தெரிவித்தார். மக்கள் சொன்னார்கள். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று விசாரிக்க ஊருக்கு எந்த வழியும் இருக்கவில்லை.

குண்டுகள் வெடித்து ஐந்தாம் நாள், சாய்ந்தமருதில் வாடகை வீடொன்றுக்குப் புதிதாக வந்தோர்மீது சந்தேகங்கொண்டு பொலிசுக்கு அறிவித்தவர்களும் அவ்வூர் முஸ்லிம்களே. அந்த வீட்டில் அன்று பதினைந்து பேர் மாண்டனர், ஆறு சிறுவர் உட்பட. ஊரவர் அறிவித்திராவிட்டால் அந்த வெடிமருந்து எங்கே போயிருக்கும்? அப்படி உதவிய சமூகத்துக்குக் கிடைத்தது என்ன? நாடெங்கும் சுற்றிவளைப்பு, பெருந்தொகைக் கைது. உடையில் கப்பல் சுக்கான் படம் இருந்ததைத் தர்மச்சக்கரம் என்று பிழையாக விளங்கி ஒரு ஏழைப் பெண் வாரக்கணக்கில் அடைக்கப்பட்டார். வெள்ளவத்தை லொட்ஜில் எமக்கு நடந்தது அவர்களுக்கும் நடந்தது. முன்னர் எம்மைச் சந்தேகித்தது போல நாம் பிறரைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டோமா என்றும் எம்மை நாமே கேட்க வேண்டியுள்ளது. இது கசப்பான கேள்வி; ஆனாலும் கேட்கவே வேண்டும்.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோர் தரப்பின் பன்னிரண்டு மனுக்களின் மீது தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7½ கோடி ரூபாவும் நட்டஈடாகத் தம் சொந்தப் பணத்தில் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பாதுகாக்கத் தவறியதும் உரிமை மீறலே என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. வருந்தத்தக்கது என்னவென்றால், இது இறந்தோரை அடக்கம் செய்து கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகளின் பின் வந்த கண்காணிப்பு. முன்னரே வரக்கூடிய கண்காணிப்பு எது?

எம் வயல்களில் அதற்கு ஓர் உதாரணம் உண்டு. குளத்து நீரைப் பங்கிடுபவர் வட்டவிதானை. அவரைக் கமக்காரர் கூடித் தெரிவு செய்வார்கள். கூலியாக நெல்லும் அவர்களே கொடுப்பார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் அவரை எழுப்பிக் கேள்வி கேட்பார்கள். இப்போது பொலிஸ் நிலையங்களோடு சேர்ந்து இயங்கும் சிவில் பாதுகாப்புக் குழுக்களைப் பாருங்கள். பெரும்பாலும் பொறுப்பதிகாரியே ஆட்களைச் சேர்க்கிறார். ஊரில் யார் புதிதாக வந்தார் என்று குழு பொலிசுக்குச் சொல்லலாம். போன மாதம் சந்தியில் பிடித்துக்கொண்டு போன பையனுக்கு என்ன நடந்தது என்று குழு பொலிசைக் கேட்க முடிகிறதா? செய்தி ஒரு பக்கமே ஓடும் வாய்க்கால் அது.

வட அயர்லாந்திலும் இந்த நிலை இருந்தது. அங்கே பொலிஸ் படையில் கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப் பேர்வரையே இருந்தனர். கத்தோலிக்கக் குடியிருப்புகள் பொலிசை எதிரியாகவே கண்டன. சமாதான உடன்படிக்கையின் பின்னர் 1999இல் பற்றன் ஆணைக்குழு தந்த பரிந்துரைகளின்படி படையின் பெயர் மாற்றப்பட்டது. புதிதாகச் சேர்ப்போரில் பாதிப் பேர் கத்தோலிக்கர் என்று விதிக்கப்பட்டது. மேலே ஒரு பொலிஸ் சபையும், மாவட்டந்தோறும் மக்கள் பிரதிநிதிகளும் பொதுமக்களும் அமரும் குழுக்களும் அமைந்தன. அக்குழுக்களின் முன் பொலிஸ் அதிகாரி வந்து பதில் சொல்ல வேண்டும். 2011 அளவில் கத்தோலிக்கர் நூற்றுக்கு முப்பது வரை உயர்ந்தனர். எம் நாட்டிலோ, 1987இல் வந்த 13ஆம் திருத்தம் மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுக்களைப் பற்றி எழுதியது, அவை அமைக்கப்படவேயில்லை. 2001இன் 17ஆம் திருத்தத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு உருவானது. 2010இல் அதன் பல்லைப் பிடுங்கினார்கள், 2015இல் திருப்பிக் கட்டினார்கள், 2020இல் மறுபடி பிடுங்கினார்கள், 2022இல் மறுபடி கட்டினார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் இப்படி ஆட்டப்படும் வேலிக் கதியால் எப்படி வேர் பிடிக்கும்?

ஆயினும் இருக்கிறதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். கைது செய்பவர் தம் பெயரையும் பதவியையும் கூறி, காரணத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும் என்று 1997 ஜூலையிலும் மீண்டும் 2006 ஜூலையிலும் ஜனாதிபதியின் பணிப்புரைகள் வெளிவந்தன. பெண்களைப் பெண் அதிகாரியே சோதிக்க வேண்டும். வாக்குமூலம் விரும்பிய மொழியில் கொடுக்கலாம். கைதானதற்கு உறவினரிடம் பற்றுச்சீட்டு கொடுக்கப்பட வேண்டும் என்பனவும் அவற்றில் அடங்கும். இவை பணிப்புரைகள். சட்டமாகவே உள்ளது 1996இன் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு: பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலங்களுக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். வேண்டுமென்றே அறிவிக்காதிருப்பது குற்றம்.

இன்னொன்று எம் மக்கள் அடிக்கடி தவற விடுவது. உரிமை மீறல் பற்றி உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே தவணை. கொழும்புக்கு ஓடி, சட்டத்தரணி பிடித்து, காசு புரட்டும் முன்னரே அது கடந்துவிடும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையில் கணக்கிடப்படாது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய இடங்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. கடிதம் தமிழில் எழுதினாற் போதும். பொலிசாரின் நடத்தை பற்றியதாயின் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

எழுதும்போது மக்கள் கண்காணிப்புக் குழு எழுதியது போல எழுதுங்கள்: பெயர், திகதி, நேரம், இடம், வந்த வாகனத்தின் இலக்கம், உடுத்திருந்த உடை, கண்டவர் யார். நினைவு மங்குமுன் அன்றே எழுதி, ஒரு பிரதியைப் பங்குத்தந்தையிடமோ கோவில் தலைவரிடமோ பள்ளிவாசலிலோ கொடுத்து வையுங்கள். கொழும்புக்குப் போகும் பிள்ளையிடம் தங்கும் லொட்ஜின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வீட்டுக் கொப்பியில் குறியுங்கள். பொலிசில் பதிவுப் படிவம் நிரப்பினால், நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும்.