தெரியுதா... இப்ப தெரியுதா?

1980-களில் தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் மொட்டை மாடிகளில் உயரமா நின்ற ஆன்டெனாக்கள் தூரதர்ஷனுக்காக மட்டும் இல்லீங்க. 1982-ல் ஆரம்பிச்ச இலங்கை ரூபவாஹினிக்காகவும்தான்! கடல் மேல் வரும் சிக்னலை மறிக்க அங்கே கட்டடமா, மலையா?

பக்கத்து வீட்டைவிட நம்ம ஆன்டெனாவில் கம்பி ஜாஸ்தி இருக்கணும்னு போட்டி வேற. கம்பி கூடினால் தூரத்து சிக்னல் நல்லாவே சிக்கும், நிஜம்தான். ஆனால் ஆன்டெனாவின் பார்வை குறுகிடும். காத்தடிச்சு கம்பம் லேசா திரும்பினாலும் திரையில் ஈ மொய்க்கும். நீளமும் நம்ம இஷ்டமில்லை. 180 மெகாஹெர்ட்ஸ் சேனல் என்றால், ஒயர் இணைக்கும் கம்பி சுமார் 80 செ.மீ. இருக்கணும்.

அப்புறம் பூஸ்டர். அதை டி.வி. பக்கத்தில் மாட்டினால் காசு தண்டம். நீள ஒயரில் இறங்கி வரும்போதே சிக்னல் இளைச்சிடும். கீழே இருக்கும் பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிசாக்கும். அதுக்கு இடம் மேலே, ஆன்டெனா பக்கத்தில்.

எல்லாம் சரியாகி கிரிக்கெட் பளிச்சுன்னு தெரியும்போது, "அப்படியே புடிச்சுக்கடா, அசையாதே!"ன்னு கீழேயிருந்து குரல் வரும். மாடியில் கம்பத்தைக் கட்டிக்கிட்டு நிற்கும் தம்பிக்கு மேட்ச் கிடையாது. விக்கெட் விழுந்தா கூச்சல் மட்டும் கேட்கும்.