மனச்சோர்வை அளக்க முடியுமா?

வெள்ளிமலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு வருபவரின் காய்ச்சலை வெப்பமானி காட்டிவிடும். மனச்சோர்வை எதனால் அளப்பது? அதற்கு ஒன்பது கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. தூக்கம், பசி, ஊக்கம் முதலியவை கடந்த இரு வாரங்களில் எப்படி இருந்தன என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண்; மொத்தம் 27. எண் குறையக் குறைய நலம்.

“என்னிடம் வருவோர் தேறுகின்றனர்” என்று மனநல ஆலோசகர் நினைத்துக்கொண்டால் போதாது. தேறியவர் நன்றி சொல்வார்; தேறாதவர் சொல்லாமலே நின்றுவிடுவார். ஆகவே ஒவ்வொரு சந்திப்பிலும் அளந்து குறிக்க வேண்டும். எண் இறங்காவிடில் முறையை மாற்ற வேண்டும்.

எண் குறைந்தாலும் அவசரப்படாதீர்கள். சூடான காபி ஊதாவிட்டாலும் ஆறும் அல்லவா? கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் நடந்து, 2016இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். மூன்று மாதங்களில், ஆலோசனையும் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் 10க்குக் கீழே இறங்கினர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர். ஆலோசனையின் பங்கு 64 அன்று. இடையிலுள்ள 25 மட்டுமே. அதுவும் சிறிய எண் அன்று: நூற்றுக்கு 25 பேர் கூடுதலாகத் தேறியிருக்கின்றனர்.