பெயருக்கு வாடகை

நெட்டுக்குப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சென்னைவாசிகளிலேயே பலர் விழிப்பார்கள். திருவொற்றியூருக்கும் வடக்கே, எண்ணூரின் கடைக்கோடியில், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே உள்ள மீனவர் கிராமம் அது. அந்தப் பெயரைக் கைத்தொலைபேசியில் எழுதித் தேடுவோருக்கு, கடலுக்குள் நீண்டு சிதைந்து நிற்கும் பழைய பாலத்தின் படங்கள் கிடைக்கும். சூரியோதயக் காட்சிகள் கிடைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வந்து முகத்துவாரத்தைக் கறுப்பாக்கிய எண்ணெயைப் பற்றிய செய்திகளும் கிடைக்கும். அவ்வூராரின் ஜீவனமாகிய இறாலையும் நண்டையும் விற்கும் கைதான் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை.

இதை அற்ப விஷயமென்று தள்ளுவதற்கில்லை. வாங்குவோர் கூடும் இடமே கடைவீதி. இன்று வாங்குவோரில் பெரும் பகுதியினர் முதலில் கூடுவது தேடுபொறியின் வாசலில். அந்த வாசலில் யார் நிற்கலாம், யார் முன்னே நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் முறையை நம் அரசியல் ஊழியர்கள் அறிந்துகொள்ள வேண்டும். மீன் ஏலம் கண்டவர்களுக்கு அது விளங்காத வித்தையுமன்று.

ஒருவர் "எண்ணூர் நண்டு" என்று தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விரலை எடுப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. அந்தச் சொற்களுக்கு விலை கூறியிருக்கும் வியாபாரிகளின் தொகையோடு, விளம்பரம் தேடியவருக்கு எவ்வளவு பொருத்தம் என்ற மதிப்பெண்ணும் சேர்த்துப் பார்க்கப்படும். இரண்டிலும் மிஞ்சியவர் மேலே வருவார். பணம் கொடுக்க வேண்டியது விளம்பரத்தைக் காட்டியதற்கல்ல, அதை ஒருவர் தொட்டு உள்ளே வந்ததற்கு. 1998-ல் அமெரிக்காவில் கோடூ என்ற கம்பெனி சொற்களை ஏலம் போடும் இவ்வழியைக் காட்டியது. கூகிள் 2000 அக்டோபரில் தன் விளம்பரக் கடையைத் திறந்து, 2002-ல் தொடுகைக்கு விலை வைக்கும் ஏல முறையையும் மேற்கொண்டது. 2024-ஆம் ஆண்டில் அதன் தாய்க் கம்பெனியின் வருமானம் சுமார் 35,000 கோடி டாலர்; அதில் நான்கில் மூன்று பங்கு விளம்பரத்தால் வந்தது. தேடுகிறவரிடம் காசு கேட்பதில்லையே என்பார்கள். தூத்துக்குடியில் சுதேசிக் கப்பலை வீழ்த்தக் கட்டணமில்லாமலே ஆள் ஏற்றத் துணிந்த வெள்ளைக்காரக் கம்பெனியின் கதையை அறிந்தவர்கள் இலவசம் என்ற சொல்லைக் கேட்டு உடனே மகிழ்ந்துவிட மாட்டார்கள்.

சிறு வியாபாரிக்கு இதனால் லாபமே இல்லையா? உண்டு. ஆனால் கணக்குத் தெரிய வேண்டும். ஒரு தொடுகைக்கு 10 ரூபாய், இருபது பேர் உள்ளே வந்தால் ஒருவர் வாங்குகிறார் என்று கொள்வோம். ஒரு வாடிக்கைக்காரரைப் பிடிக்க 200 ரூபாய் செலவு. அவர் வாங்கும் நண்டில் நிற்கும் லாபம் 150 ரூபாய் என்றால், வியாபாரம் பெருகப் பெருக நஷ்டமும் பெருகும். அவரே மாதந்தோறும் திரும்பி வருவாரானால் கதை வேறு. விளம்பரத்தைச் சில மைல் சுற்றளவுக்குள், மீன் கரையேறும் காலை வேளைக்கு மட்டும், நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று வரம்பிட்டுக் காட்டவும் வழியிருக்கிறது. வரம்பிடாதவன் பணம் மதுரையில் கூட்டுக்கு வழி தேடுகிறவரின் தொடுகைக்கும் போகும்.

இனி, வட சென்னைக்கே உரிய ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தை அடுத்த இராயபுரத்தில் வளர்ந்த ஸ்ரீ முருகவேல் ஜானகிராமன், பாரத் மேட்ரிமோனி என்ற வரன் தேடும் ஸ்தாபனத்தை நிறுவிப் பெரும் பெயர் எடுத்தார். அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால், போட்டிக் கம்பெனிகளின் விளம்பரங்களும் கூடவே வந்து நின்றன. அவருடைய பெயரின் சொற்களே ஏலத்துக்கு வந்துவிட்டன. கன்சிம் இன்ஃபோ என்று அப்போது வழங்கிய அவரது கம்பெனி 2009-ல் சென்னை ஹைகோர்ட்டில் கூகிள் மீதும் போட்டியாளர் மீதும் வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பர் 30-ல் நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார். பாரதம், தமிழ், விவாகம் என்பவை பொதுச் சொற்கள். தொழிலை வர்ணிக்கும் சொற்களை ஒருவர் மட்டும் கட்டிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம்.

அந்தத் தர்க்கத்தில் குறை காண்பது எளிதன்று. பொதுச் சொல்லை யாரும் சொல்லலாம் என்பது நியாயமே. ஆனால் அதைச் சொல்லுகிறவன் வேறு, வாசலில் உட்கார்ந்து அதையே விற்கிறவன் வேறு. இந்த வித்தியாசத்துக்கு டில்லி ஹைகோர்ட்டு 2023 ஆகஸ்டு 10-ல், ஒரு சாமான் ஏற்றிச் செல்லும் கம்பெனியின் வழக்கில், நெருங்கி வந்தது. வர்த்தகக் குறியை ஏலச் சொல்லாக வைத்திருப்பதால் மட்டும் குற்றமாகிவிடாது, மயக்கம் விளைந்தால்தான் குற்றம். ஆயினும் கூகிள் வெறும் வேடிக்கை பார்ப்பவரல்ல, அந்த உபயோகத்தில் பங்கு கொள்பவர் என்று அது கண்டது. எங்கள் அபிப்பிராயத்தில் இதுவே சரியான திசை. ஸ்ரீ ஜானகிராமன் தரப்பு 2012-ல் போட்டிக் கமிஷனிடமும் முறையிட்டது. 2018 பிப்ரவரியில் கமிஷன் தேடலில் பாரபட்சம் காட்டியதற்காகக் கூகிளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பர ஏலத்தில் மட்டும் சட்டமீறல் காணவில்லை.

இராயபுரத்துக் கம்பெனிக்கு வக்கீல் வைக்கப் பணமிருந்தது. நெட்டுக்குப்பத்துக்கு? "எண்ணூர்" என்பது எவருடைய வர்த்தகக் குறியுமன்று. எண்ணூரைக் கண்ணால் காணாத வியாபாரி ஒருவர் "எண்ணூர் இறால்" என்ற சொல்லுக்கு விலை கூறி, எங்கோ குளத்தில் வளர்ந்த இறாலை விற்கலாம். எண்ணெய் மிதந்த நாட்களில் ஊர்ப் பெயரின் பழியை மீனவர் சுமந்தார்கள். பெயர் நலம் பெறும் நாளில் அதன் பலனை வேறொருவர் விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வழி திறந்தே இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் செல்லும் இத்தகைய விளம்பரப் பணத்தின் மீது 2016-ல் நம் சர்க்கார் விதித்த 6 சதவீத வரியும் 2025 ஏப்ரல் 1 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. அந்த வரியில் ஒரு பங்கை இத்தகைய ஊர்களுக்குச் செலவிடலாமே என்று கேட்பதற்கும் இனி இடமில்லை.

வலை வருமானம் குறைந்த வீட்டு வாலிபர்களுக்கு வேறொரு வலையும் விரிக்கப்படுகிறது. "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போட்டால் போதும்" என்று செய்தி வரும். முதலில் நூறோ இருநூறோ உண்மையாகவே வந்து சேரும். பிறகு பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டியதை மீட்க மேலும் கட்டச் சொல்வார்கள். வேலை கொடுக்கிற எவனும் வேலைக்காரனிடம் பணம் வாங்குவதில்லை. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒளியாமல் அன்றே 1930 என்ற எண்ணுக்குச் சொன்னால், பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க வாய்ப்புண்டு.

குப்பத்தார் முதலில் செய்யக்கூடியது ஏலத்துக்குப் போவதன்று. கூகிளின் தேசப்படத்தில் ஒரு கடையைப் பதிவு செய்ய இன்று கட்டணமில்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் அதைச் செய்து, வாங்குவோர் எழுதித் தேடும் சாதாரணத் தமிழில் மீன்களின் பெயர்களைக் குறித்து, கரையேறும் நேரத்தையும் அன்றன்றைய விலையையும் இடலாம். எந்தப் படகு, எந்த நாள், ஆற்றிலா கடலிலா பிடித்தது என்பதையும் அதில் எழுத வேண்டும். 2023-ஐ நினைவில் வைத்திருக்கும் வாடிக்கைக்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.