ரிக்கார்டு மாதிரியே

மெல்லிசைக் கச்சேரி முடிந்து கூட்டம் கலையும்போது அப்போதெல்லாம் ஒரு பாராட்டு கட்டாயம் காதில் விழும்: "அப்படியே ரிக்கார்டு மாதிரி இருந்துச்சுப்பா." ஒரு குழுவுக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. எம்.எஸ். விஸ்வநாதன் பாட்டுகளை வைத்துத்தான் பெரும்பாலும் அந்தப் பரீட்சை நடக்கும். அவர் பாட்டில் வரும் அக்கார்டியனையும் பாங்கோவையும் விசிலையும் பிசகாமல் கொண்டுவந்துவிட்டால் அந்தக் குழுவுக்கு அடுத்த வருடத் திருவிழாவும் உறுதி.

சாமி புறப்பாடு முடிந்து, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மேடை சூடு பிடிக்கும். பாடுகிறவர்களுக்கு இரண்டே மைக். டூயட் என்றால் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு மைக் முன்னால் நிற்பார்கள். கோரஸ் பாடுகிறவர்கள் பின்னாலிருந்து எட்டிப் பாட வேண்டியதுதான். குதிரை வண்டிப் பாட்டு வந்தால் ஒருவர் இரண்டு கொட்டாங்குச்சிகளை எடுத்துக்கொண்டு மேடையின் முன்பக்கம் வருவார். டக்டக்கென்று அவர் தட்ட ஆரம்பித்ததும் பாடகருக்குக் கிடைக்காத கைதட்டல் அவருக்குக் கிடைக்கும். நடுவே கீழேயிருந்து சீட்டுகள் போகும்: இன்ன தெரு நண்பர்கள் விரும்பிக் கேட்கும் பாடல். சீட்டில் பெரும்பாலும் நடிகர் பெயர்தான் இருக்கும். எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்று, சிவாஜி பாட்டு ஒன்று. இரண்டுக்கும் மெட்டுப் போட்டவர் ஒருவரே என்பது கேட்டவர்களில் பாதிப் பேருக்குத் தோன்றியிருக்காது.

இசையமைப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே ஜனங்களுக்கு மெல்ல மெல்லத்தான் பதிந்தது. 1952 ஜூனில் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் இறந்தபோது அவருக்கு வயது 28. 'தேவதாஸ்' உட்பட அவர் பாதியில் விட்ட படங்களை முடித்துக் கொடுத்தவர்கள், அவரிடம் வேலை பார்த்த விஸ்வநாதனும் வயலின் கலைஞர் டி.கே. ராமமூர்த்தியும். இன்றைக்கு இப்படி ஒரு சாவு நடந்தால் ஊரே அழும். அன்று அழ நினைத்தவர்களுக்கும் அவர் முகம் தெரியாது. அதே 1952-இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது. நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்லச் சொல்லத்தான் 'விஸ்வநாதன் - ராமமூர்த்தி' என்ற இரட்டைப் பெயர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. 1963-இல் திருவல்லிக்கேணி கல்ச்சுரல் அகாடமி நடத்திய விழாவில் சிவாஜி கணேசன் அவர்களுக்கு 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டத்தைச் சூட்டினார்.

முகத்தைக் காட்டியது அடுத்த வருடம் வந்த 'சர்வர் சுந்தரம்'. ஏவி.எம். தயாரிப்பு, கிருஷ்ணன் - பஞ்சு இயக்கம். அதில் ஒரு பாட்டுப் பதிவையே காட்சியாக்கியிருந்தார்கள். நாகேஷின் ஆட்டம் ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் ஒலிப்பதிவுக் கூடத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடுகிறார், விஸ்வநாதன் கையை வீசி வாத்தியக்காரர்களை நடத்துகிறார். ஒரு கை தாளத்துக்கு, இன்னொரு கை அடுத்து வரப்போகும் வாத்தியத்தைக் கூப்பிடுவதற்கு. கண்ணும் புருவமும் சேர்ந்து வாசிக்கும். அவரை மேடையில் பார்க்கக் கிடைக்காத தலைமுறைக்கு நான் சிபாரிசு செய்வது இந்தச் சில நிமிடங்களைத்தான்.

ஏனென்றால் மேடையிலும் அவர் அப்படித்தான். ஹார்மோனியப் பெட்டியும் நெற்றி நிறைய விபூதியும் குங்குமமுமாக உட்காருவார். பாட்டைவிடப் பேச்சு அதிகமாகிவிடும். ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடிப் பையனாக இருந்த கதை வரும். அங்கே இருந்தபோது தான் போட்ட மெட்டு இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் பெயரில் போனதையும், கம்பெனி சென்னைக்கு இடம் மாறும் நேரத்தில் நாயுடுவே அதை முதலாளிகளிடம் ஒப்புக்கொண்டு இந்தப் பையனைச் சேர்த்துவிட்டதையும் மனம் நெகிழ்ந்து சொல்வார். பேச்சில் கவிஞர் கண்ணதாசன் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இருவருக்கும் பிறந்த நாள் ஒன்றே, ஜூன் 24. கவிஞர் ஒரு வயது மூத்தவர். ஒரே வரிக்கு விஸ்வநாதன் நாலைந்து மெட்டைப் பாடிக் காட்டுவார். நமக்குப் பழகிய மெட்டு கடைசியாக வரும். அதற்குமுன் அவர் கழித்துக்கட்டிய மெட்டுகளில் ஒன்றாவது, அட, இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். குரல் அழகான குரல் இல்லை. மேலே போகும்போது கொஞ்சம் கிழியும். ஆனால் அந்தக் கிழிசலைத் தேடித்தான் ஏ.ஆர். ரஹ்மான் அவரை 'சங்கமம்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' படங்களில் பாட அழைத்தார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

அதாவது, ஊர்க் குழுக்கள் எல்லாம் உயிரைக் கொடுத்து ரிக்கார்டைப் போலச் செய்துகொண்டிருந்தபோது, அந்த ரிக்கார்டுக்குச் சொந்தக்காரர் தன் மேடையில் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

2015 ஜூலை 14 விடிகாலை அவர் போனார். வயது 87. சாந்தோம் வீட்டுக்குத் திரையுலகம் வந்தது, மறுநாள் பெசன்ட் நகரில் தகனம். டிவியில் நாள் முழுக்க அவர் பாட்டு ஓடியது. ஆனால் துக்கம் இந்த முறை கைபேசியில் நடந்தது. பழைய கச்சேரிப் படங்கள், நுழைவுச் சீட்டின் கிழிந்த பாதி, யாரோ டேப்பில் பிடித்து வைத்திருந்த இரைச்சல் நிறைந்த பதிவு. முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். அந்த மாதமே காமராஜர் அரங்கில் இளையராஜா 'என்னுள்ளில் எம்.எஸ்.வி.' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். தன் பாட்டுகளுக்கே கூட்டம் அலைமோதும் ஒருவர், இன்னொருவர் பாட்டுகளுக்காக ஒரு முழு மாலையை ஒதுக்கினார். சுப்பராமனுக்குக் கிடைக்காத துக்கம் அது.

இப்போது அஞ்சலியே கச்சேரியாகிவிட்டது. ஜூன் 24-ஐ ஒட்டியும் ஜூலை 14-ஐ ஒட்டியும் சென்னை சபாக்களில் ஏதாவது ஒரு குழு அவர் பாட்டுகளைப் பாடுகிறது. பின்னால் எல்.இ.டி. திரையில் அவர் சிரிக்கிறார். பாடகர் ஐபேடைப் பார்த்துப் பாடுகிறார். பாட்டு நோட்டுக்கு வேலை இல்லை. அக்கார்டியனும் கொட்டாங்குச்சியும் கீபோர்டின் ஏதோ ஒரு பொத்தானுக்குள் இருக்கின்றன. சின்ன ஊர்களில் அதுவும் இல்லை. டிராக்கைப் போட்டுவிட்டு மேலே பாட வேண்டியதுதான். வாத்தியம் ஒன்றும் பிசகாது. அந்தக் காலத்தில் வருடக்கணக்கில் உழைத்து வாங்கிய பட்டம் இன்று பென் டிரைவில் கிடைக்கிறது. கேட்பவர்கள் யாரும் "ரிக்கார்டு மாதிரி" என்று சொல்லிக்கொண்டு எழுந்து போவதாகத் தெரியவில்லை.

விதிவிலக்கு உண்டு. 2020 ஊரடங்கில் சுபஸ்ரீ தணிகாசலம் தொடங்கிய க்யூ.எஃப்.ஆர். நிகழ்ச்சியில் ஒவ்வொரு கலைஞரும் அவரவர் வீட்டிலிருந்து வாசித்து அனுப்ப, அவற்றைக் கோத்துப் பழைய பாட்டை எழுப்பினார்கள். அதுவும் ரிக்கார்டைப் போலச் செய்வதுதான். ஆனால் பாங்கோ வாசிக்கும் விரல் தெரிகிறது, புல்லாங்குழல்காரர் மூச்சு வாங்குவது தெரிகிறது. பாட்டுக்கு முன்னால் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துச் சொல்கிறார்கள். விஸ்வநாதன் ஹார்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து செய்துகொண்டிருந்த வேலையில் பாதி அது.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. அவர் பாட்டே இல்லாத கச்சேரி ஆனாலும், அரசு விழா ஆனாலும், தொடங்குவது அவர் மெட்டில்தான். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மோகனத்தில் மெட்டமைத்தவர் அவர். அதற்கு எழுந்து நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரிந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள், கையில் தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா. அவர்களிடம் தப்பு செய்துவிட்டுத் தப்ப முடியாது. தொகுத்து வழங்கும் இளம்பெண் 'புதிய பறவை' பாட்டையோ 'ஆயிரத்தில் ஒருவன்' பாட்டையோ "எம்.எஸ்.வி. இசையில்" என்று அறிவித்தால் போதும், கீழேயிருந்து ஒரு குரல் கிளம்பும்: "விஸ்வநாதன் - ராமமூர்த்தின்னு சொல்லும்மா!" 1965-இல் பிரியும்வரை பெரும்பாலும் எல்லாப் படமும் இருவருடையது. ராமமூர்த்தி 2013 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார். அவருக்காக இத்தனை கச்சேரிகள் நடக்கவில்லை. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இரண்டு பெயரையும் சேர்த்து மறுபடி அறிவிப்பாள். அதற்கு ஒரு கைதட்டல் விழும். அடுத்த பாட்டுக்கு மறுபடியும் மறந்துவிடுவாள். மறுபடியும் அந்தக் குரல் கிளம்பும்.