கட்டுத்தரைக் காப்பீடு: கைக்கு வரும் பணம் ஏன் குறைகிறது?

ஆடிக்காத்துல எங்க தாராபுரம் தோட்டத்துக் கட்டுத்தரைக் கூரை பிய்ந்து போனது. சரிசெய்ய ஆன செலவு 1 லட்சம். காப்பீட்டில் வந்ததோ 40,000 ரூபாய். ஏமாத்திட்டாங்கன்னுதான் நினைத்தேன். கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கியதும் விளங்கியது. கூரை பழசு என்று தேய்மானம் 20,000 கழித்திருந்தார்கள். இன்றைக்கு 4 லட்சம் பெறும் கட்டடத்தை, பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 2 லட்சத்துக்குத்தான் பதிந்திருந்தேன். பாதி மதிப்புக்குப் பதிந்தால் இழப்பிலும் பாதிதான், 80,000-இல் 40,000.

அதனால முழு மதிப்புக்குப் பதியுங்கள். தேய்மானம் கழிப்பார்களா என்பதைப் பாலிசி எடுக்கும்போதே கேளுங்கள். சேதத்தைப் போட்டோ எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கணக்கு தப்பென்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். மறுத்தால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணம் கிடையாது.